சர்க்கரை தீர்ந்துபோச்சும்மா

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் வலிக்கிறது. இனி இந்த விஷயத்தைப் போனில் பேசப் போவதில்லை. பேசினால் நீ கத்துவாய், நான் கத்துவேன், நடுவில் அப்பா "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். கடிதத்தில் நீ என்னைக் குறுக்கே வெட்ட முடியாது. முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

டாக்டர் என்ன சொன்னார்? அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, சொட்டு மருந்து கொஞ்ச நாள்தான் தாங்கும், வருஷ நடுவிலாவது ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார். நானும் அனுப்புகிறேன். நீயும் தையல் கம்பெனியில் காலர் தைத்துத் தைத்து முதுகு ஒடிகிறாய். இருந்தும் மாசக் கடைசியில் ஆபரேஷனுக்கென்று எடுத்து வைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. நீ ஊதாரி இல்லை, எனக்குத் தெரியும். உனக்கென்று ஒரு செருப்பு வாங்கவே ஒரு வருஷம் யோசிப்பாய். பின்னே பணம் எங்கே போகிறது? தெருமுனைக் கடைக்குப் போகிறது அக்கா, தினமும்.

இன்றைக்குக் கால் கிலோ சர்க்கரை, நாளைக்கு ஒரு பொட்டலம் டீத்தூள், மறுநாள் அரைக்கிலோ வெங்காயம். பொட்டலம் சின்னதாக ஆக ஆக விலை கூடும். அதோடு, சர்க்கரை வாங்கப் போகிறவர் சர்க்கரையோடு மட்டுமா திரும்பி வருகிறார்? பிஸ்கட் வருகிறது. வீட்டில் இரண்டு தீப்பெட்டி கிடக்க, மூன்றாவது வருகிறது. நான் பஸ் பணிமனையில் ஸ்டோர் கீப்பர். இங்கே போல்ட்டையும் நட்டையும் நான் இப்படி ஒவ்வொன்றாக வாங்கினால் சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாசத்துக்கு ஒரு தடவை மொத்தக் கடைக்குப் போ. எல்லாவற்றையும் வாங்கி டப்பாவை நிரப்பு. அடுத்த மாசம் வரைக்கும் கடை இருக்கும் திசைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதே.

இன்னொன்று. சாயங்காலம் கடைக்குப் போகிறவர் அப்பா. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பெரிய ரோட்டைத் தாண்டுகிறார். ஒரு லாரிக்காரன் அசந்தால் போதும், ஆபரேஷனுக்கே வேலை இல்லாமல் போய்விடும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கோபப்படாதே. யோசி.

உன் தம்பி


ஜனவரி 15

டேய் தராசு,

அப்பா உனக்கு வைத்த பேர் எவ்வளவு பொருத்தம் பார். ஒரு பிஸ்கட்டை ஸ்கேல் வைத்து அளந்து பாதியாக்கியவன் அல்லவா நீ. இப்போது என் அடுப்படியையும் அளக்கக் கிளம்பிவிட்டாய்.

போல்ட்டும் நட்டும் அழுகாது தம்பி. வெங்காயம் அழுகும். மாவில் வண்டு வரும். அப்புறம், இதை ஸ்டோர் கீப்பருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள், நான் சொல்கிறேன் கேட்டுக்கொள்: டப்பா நிறைந்திருந்தால் கை தாராளமாகும். அடியில் கொஞ்சம் கிடந்தால்தான் டீக்கு அரை ஸ்பூன் குறைத்துப் போடத் தோன்றும். அன்றாடம் வாங்குகிறவள் அன்றாடம் கணக்குப் பார்க்கிறாள். எனக்குச் சம்பளம் வாராவாரம் வருகிறது. மாசச் சாமானுக்கு மொத்தமாகப் பணத்தை எடு என்றால் நான் எங்கே போவேன்?

அப்பா ரோட்டைத் தாண்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறாய். அங்கே உட்கார்ந்துகொண்டு பயப்படுகிறாயே, இங்கே என்ன நடக்கிறதென்று கேட்டாயா? அப்பா இந்தப் பக்கம் வந்து நின்றதும் கடைக்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துவிடுவார். "அங்கேயே நில்லுங்க கண்டக்டர் சார்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். திரும்பும்போதும் அப்படித்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு, நீ சொன்னபடியே செய்கிறேன். உனக்காக இல்லை. அப்பாவின் கண்ணுக்காக. போன வாரம் எதிரில் நின்ற என்னைப் பார்த்து, "யாரு, மாடி வீட்டம்மாவா?" என்று கேட்டார். முதல் தடவை வாங்குவதற்கு மட்டும் கொஞ்சம் சேர்த்து அனுப்பு.

மாடி வீட்டம்மா என்றதும் ஞாபகம் வருகிறது. அவர் ரொட்டி பேக்கரியில் விடியற்காலை வேலைக்குப் போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறார். நான் கம்பெனியில் இருக்கும்போது அப்பாவுக்கு மத்தியானச் சொட்டை யார் போடுவது என்று நான் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். "சாவி ஒண்ணு எங்கிட்ட குடுத்துட்டுப் போம்மா, படிதானே, நான் போட்டுட்டுப் போறேன்" என்று அவரே சொன்னார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நீ வரும்போது அவருக்கு ஏதாவது வாங்கி வா. அதையாவது சில்லறையாக வாங்கு.

அக்கா


பிப்ரவரி 4

தம்பிக்கு,

உன் ஆசை நிறைவேறிவிட்டது. மொத்தக் கடைக்குப் போய், மூட்டை கட்டி, ஆட்டோவில் ஏற்றி, டிரைவரிடம் சண்டை போட்டு, வீடு வந்து சேர்ந்தேன். அலமாரியில் இருக்கும் எல்லா டப்பாவும் வாய் வரைக்கும் நிறைந்திருக்கிறது. மிச்சமும் பிடித்திருக்கிறது, இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆபரேஷன் கணக்கில் முதல் தடவையாகப் பணம் போட்டேன். வங்கியிலிருந்து வெளியே வரும்போது உன்னை நினைத்துக்கொண்டேன். கொஞ்சம்தான், ரொம்பத் தலைக்கனம் வேண்டாம்.

அப்பா ஒவ்வொரு மூடியாகத் திறந்து, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "எல்லாம் நெறஞ்சிருக்கே" என்றார். ஆமாம்பா, இனி ஒரு மாசத்துக்குக் கவலை இல்லை என்றேன். சாயங்காலம் பார்த்தால், சட்டை மாட்டி, தலை சீவி, பையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "எதுவும் வேணாமாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணும் வேணாம்பா. நீங்க நிம்மதியா உக்காருங்க" என்றேன். பையைத் திரும்பக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். ஆணி எங்கே இருக்கிறதென்று தடவித் தேடுவதற்கே கொஞ்ச நேரம் ஆனது.

வெங்காயத்தில் பாதி இப்போதே முளைவிட்டிருக்கிறது. அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலை நேரத்திலேயே படித்துவிட்டுச் சிரித்தேன். ஃபோர்மேன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பார்த்தாயா, முடிகிறது அல்லவா? இப்படியே போனால் ஜூனில் ஆபரேஷனை முடித்துவிடலாம். ஒரு யோசனை சொல்கிறேன், திட்டாதே. டப்பாவின் மேல் வாரத்துக்கு ஒரு கோடு பென்சிலால் போட்டு வை. முதல் வாரம் முடியும்போது சர்க்கரை இந்தக் கோட்டில் நிற்க வேண்டும், இரண்டாம் வாரம் அந்தக் கோட்டில். கை தாராளமானால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் கிரீஸ் பீப்பாய்க்கு இப்படித்தான் செய்கிறோம்.

அப்பா வீட்டிலேயே இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. இப்போது நன்றாகத் தூங்குகிறேன்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

உன் கிரீஸ் பீப்பாய்க் கோடு ஒரு வம்பை இழுத்துவிட்டிருக்கிறது.

சர்க்கரை குறைகிறது. நான் போடும் கோட்டுக்கும் கீழே போகிறது. முதலில் என் கைதான் தாராளமாகிவிட்டது என்று நினைத்தேன். டீயில் குறைத்துப் போட்டேன். அப்படியும் இறங்கிக்கொண்டே போகிறது. பருப்பும் அப்படித்தான். சொன்னால் நம்பமாட்டாய், இதை முதலில் கண்டுபிடித்தவரே அப்பாதான். நான் வேலை முடிந்து உள்ளே நுழையும்போதே, "சர்க்கரை தீர்ந்துபோச்சும்மா. நான் போய் வாங்கிட்டு வரவா?" என்றார். தீர்ந்துபோச்சா? இந்த மாசச் சாமான் வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லையே! திறந்து பார்த்தால் அடியில் நாலு மணி கிடக்கிறது.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்பா, நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, கம்பெனிப் பக்கத்துக் கடையில் நானே வாங்கி வந்தேன். இந்த மாசம் மிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. என்ன நடக்கிறதென்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்பாவும் முன்போல இல்லை. தினமும் சவரம் செய்கிற மனுஷன், இப்போது சொன்னால்தான் செய்கிறார். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு நாள் பூராவும் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பார்க்க அங்கே என்ன இருக்கிறது? மதில் சுவர்தான் இருக்கிறது. கண்ணைப் பற்றிய பயம் போலிருக்கிறது. சீக்கிரம் ஆபரேஷனை முடித்துவிட்டால் தேவலை.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் ஸ்டோரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். சாமான் தானாகக் குறையாது. யாரோ எடுத்தால்தான் குறையும். ஸ்டோரில் ஏதாவது குறைந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: சாவி யாரிடம் இருக்கிறது?

உன் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீ வேலைக்குப் போய்விடுகிறாய். அப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பது யார் என்றே தெரியாது. சொட்டு போட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனால் யார் பார்க்கப் போகிறார்கள்? நல்லவர்தான் என்று நீ சொல்வாய். இங்கே பேட்டரி திருடி மாட்டியவனும் நல்லவன்தான், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவன்.

சண்டை போடாதே. பழி சொல்லாதே. சாவியை மட்டும் வாங்கிக்கொள். அது அப்பாவின் கண்ணுக்காக நாம் சேர்க்கிற காசு அக்கா. அதில் கைவைக்கிறவர் யாராக இருந்தாலும் நான் பொறுக்கமாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

வாங்கிவிட்டேன்.

நாலு நாள் மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் சர்க்கரை மறுபடியும் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. மூக்கு மேல் கோபம் வந்தது. படியில் மாடி வீட்டம்மா இறங்கி வரும்போது, "சாவி வேணுங்க. அப்பாவே சொட்டு போட்டுக்கறேன்னு சொல்றாரு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "டப்பால சாமான் கொறையுது. யாரைச் சொல்றதுன்னு தெரியல" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் ஐயாவுக்குச் சொட்டு போடத்தான் வந்தேன்மா. சர்க்கரைக்கு வரல" என்றார். மேலே போய்ச் சாவியோடு ஒரு பஞ்சுச் சுருளையும் கொண்டுவந்து கொடுத்தார். "இது நான் வாங்கி வச்ச பஞ்சு. சொட்டு வழிஞ்சா கையால தொடைக்காதீங்க, சுத்தமான பஞ்சால தொடைங்க." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இத்தனையும் கதவுக்கு உள்ளே இருந்து அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். சாவி வாங்கிய நாளிலிருந்து டப்பாவில் ஒரு மணி குறையவில்லை. பென்சில் கோட்டில் அப்படியே நிற்கிறது. நீ சொன்னதுதான் சரி. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இல்லை. மாடி வீட்டம்மா இப்போது படியில் என்னைப் பார்த்தால் சுவர்ப்பக்கம் ஒதுங்கிப் போகிறார்.

மத்தியானச் சொட்டை அப்பாவே போட்டுக்கொள்கிறார். கேட்டால், "போட்டுட்டேன்மா, போட்டுட்டேன்" என்கிறார்.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. குறைவது நின்றுவிட்டதே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இரண்டு மாசம் பல்லைக் கடித்துக்கொள். ஆபரேஷன் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும். கூடுதல் ஷிப்ட் கேட்டிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

இதை அழுதுகொண்டே எழுதவில்லை. அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார். இடது கண் போய்விட்டது. இனி ஆபரேஷன் செய்தாலும் வராது. வலது கண்ணையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் உடனே செய்ய வேண்டும். "சொட்டு மூணு வேளையும் ஒழுங்காப் போட்டீங்களா?" என்று கேட்டார். மத்தியானம் மட்டும் அப்பாவே போட்டுக்கொள்கிறார் என்றேன். அப்பாவையும் உள்ளே வரவழைத்து, பாட்டிலைக் கொடுத்துப் போடச் சொன்னார். அப்பா தலையை நிமிர்த்திப் போட்டுக்காட்டினார். ஒரு சொட்டுக்கூடக் கண்ணில் விழவில்லை தம்பி. எல்லாம் கன்னத்தில் வழிந்தது. அவருக்கே அது தெரியவில்லை. சொட்டு விட்டுப்போனது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது, நோயே அப்படித்தான் என்று டாக்டர் சொன்னார். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாரோ என்னவோ.

இன்னும் இருக்கிறது. படி.

மறுநாள் அப்பாவின் கட்டிலில் ஒரே எறும்பு. ஜன்னல் கம்பி வழியாகச் சாரைசாரையாக வருகிறது. கட்டிலை நகர்த்திவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். நம் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறதே, பூனைகூட நுழையாத சந்து. அங்கே சர்க்கரை கட்டிகட்டியாக இறுகிக் கிடக்கிறது, எறும்பு மொய்க்கிறது. பக்கத்திலேயே பருப்பு, ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடித்துக் காய்ந்து கிடக்கிறது. அந்த இடத்தில் கொட்ட வேண்டுமென்றால் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, அந்த ஜன்னல் வழியாகத்தான் கொட்ட முடியும்.

சாப்பிட்ட தட்டில் ஒரு பருக்கை விட்டால் நம்மை எழுந்திருக்க விடாத மனுஷன் அவர்.

"என்னப்பா இது?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ கேட்க வேண்டும்.

"ஏதாவது தீந்தாத்தானேம்மா கடைக்குப் போக முடியும். வீட்ல எல்லாம் நெறஞ்சு கெடந்துச்சு. காலம் பூரா பஸ்ல நின்னு, எங்க போகணும், எங்க போகணும்னு ஊரையே கேட்டவன் நான். இப்ப என்னை யாரு என்ன கேக்கறாங்க? நீ வந்தா, சாப்பிட்டீங்களா, சொட்டு போட்டீங்களாம்ப. தம்பி போன் பண்ணா பணம் வந்துச்சாம்பான். அந்தக் கடைக்காரன் ஒருத்தன்தான், நான் போய் நின்னா, வாங்க கண்டக்டர் சார், என்ன வேணும்னு கேப்பான். அங்க நான் சொல்லணும். சொல்லிட்டு, காசை விரலால தடவிப் பாத்து எண்ணிக் குடுக்கணும். அவன் ஒரு நாளும் திருப்பி எண்ணினதில்ல."

அவர்தான் தம்பி, "சர்க்கரை தீர்ந்துபோச்சும்மா, நான் போய் வாங்கிட்டு வரவா?" என்று கேட்டுக் கேட்டு நின்றவர். அதை நாம் திருட்டுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

"மாடி வீட்டம்மா மேல பழி விழுந்தப்பவாவது சொல்லியிருக்கலாமேப்பா" என்று கத்திவிட்டேன். "சொல்லணும்னுதான் எந்திரிச்சேன். கண்ணும் போச்சு, இப்ப புத்தியும் போச்சுன்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு கட்டிடுவீங்களோன்னு பயந்துட்டேன்மா. அதுக்கப்புறம் டப்பா பக்கமே போகல" என்றார். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. பார்வை போன கண்ணிலும் தண்ணீர் வருகிறது.

நீ சொன்னாய், நான் செய்தேன். சந்தேகம் உன்னுடையது, அதைச் சொன்ன நாக்கு என்னுடையது. இதையாவது ஸ்கேல் வைத்துச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்.

அக்கா


ஜூன் 12

அக்கா,

பணம் அனுப்பியிருக்கிறேன். மொத்தமும் இருக்கிறது. யாரிடம் வாங்கினேன் என்று கேட்காதே. வலது கண்ணுக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். என்ன எழுதினாலும் சால்ஜாப்பு மாதிரியே வருகிறது. நான் கணக்கில் தப்பு செய்யவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை வாங்கினால் மிச்சமாகும் என்றேன், மிச்சமானது. நம் வீட்டில் அந்தக் கடைக்குப் போகிறவர் யார், எதற்காகப் போகிறார் என்று நான் கேட்கவே இல்லை. நீ கல்லாவை விட்டு ஓடிவரும் கடைக்காரரைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அப்பா போனை எடுத்தாரென்றால் எனக்குப் பேச வாய் வராது. ஆனாலும் நாளைக்குக் கூப்பிடுகிறேன்.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

வலது கண் தப்பித்தது. கட்டு பிரித்தாகிவிட்டது. பனியில் பார்ப்பதுபோலத் தெரிகிறதாம், ஆனால் தெரிகிறது. என்னைப் பார்த்து, "இளைச்சுட்டியேம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை காலர் வேண்டுமானாலும் தைப்பேன்.

கட்டுப் பிரித்த மறுநாள், சட்டை மாட்டித் தலை சீவிக்கொண்டு, "மாடிக்குப் போறேன்" என்றார். நான் வருகிறேன் என்றேன். "நீ கீழயே இரு. பண்ணது நான்" என்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். நான் கீழே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. "என்ன வேணும் ஐயா?" என்று கேட்டார் மாடி வீட்டம்மா. அந்தக் குரலில் பழைய ஒட்டுதல் இல்லை. அப்பா சொன்னார். சர்க்கரையை எங்கே கொட்டினார், ஏன் கொட்டினார், பழி விழுந்தபோது எங்கே ஒளிந்துகொண்டார், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். கதவைச் சாத்திவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஐயா?" என்று குரல் வந்தது. "மத்தியானம் தவறாம பக்கத்துல வந்து உக்காந்தேனே. என் வீட்டுச் சர்க்கரை டப்பா எப்பவும் காலிதான். போய் வாங்கிட்டு வாங்கன்னு தினம் அனுப்பியிருப்பேனே. கொட்ட வேண்டிய தேவையே இல்லையே."

எவ்வளவு சுலபமாக முடிந்திருக்க வேண்டிய விஷயம்! டப்பாவில் கோடு போட்டுக்கொண்டிருந்தோம் நாம்.

இப்போது சாயங்காலமானால் அவர் மேலே இருந்து, "ஐயா, கடைக்கா? எனக்குக் கால் கிலோ சர்க்கரை" என்று குரல் கொடுக்கிறார். அப்பா பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். நானும் அரிசி, எண்ணெய் மட்டும்தான் மாசத்துக்கு ஒரு தடவை வாங்குகிறேன். மற்றதெல்லாம் அன்றாடம், அப்பா கையால். கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிறது. ஆகட்டும். ஒரு கண்ணைக் கொடுத்து மிச்சம் பிடித்தது போதும்.

ஆனால் மாடி வீட்டம்மா என்னோடு பேசுவதில்லை. அப்பாவோடு பேசுகிறார், சிரிக்கிறார். என்னைக் கண்டால் இன்னும் சுவர்ப்பக்கம்தான். ஆபரேஷனுக்குப் பிறகும் மத்தியானச் சொட்டு போட வேண்டும். நான் வேலைக்கு நடுவில் ஓடிவந்து போட்டுவிட்டுப் போகிறேன். சூப்பர்வைசர் கரித்துக்கொட்டுகிறார். சாவி, பைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. கொடுக்க எனக்கு முகமில்லை. கேட்க அவருக்கு என்ன தலையெழுத்து?

அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

லீவு கிடைத்துவிட்டது. சனிக்கிழமை வருகிறேன்.

சர்க்கரை தீர்ந்திருந்தால் வாங்கி வைக்காதே. என்னைக் கடைக்குக் கூட்டிப்போகச் சொல்லி அப்பாவிடம் சொல். அந்தக் கடைக்காரர் கல்லாவை விட்டுவிட்டு வருவதை நான் பார்க்க வேண்டும். அப்பா காசை எண்ணிக் கொடுக்கும்போது நான் பக்கத்தில் பேசாமல் நிற்பேன்.

சாவியை நீ எடுத்துப் போகாதே, ஆணியிலேயே இருக்கட்டும். வாங்கச் சொன்னவன் நான். நான்தான் மாடி ஏற வேண்டும். வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்க மாட்டேன், அதற்கு எனக்கு உரிமை இல்லை. செய்ததைச் சொல்லிவிட்டு நிற்பேன். கதவைத் திறக்காவிட்டால், அவர் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும்வரை படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி